ரேடாரில் தெரியாத மேகம்

என் மகள் பவித்ராவும் அவள் கல்லூரிக் கூட்டாளிகளும் சேர்ந்து செய்த ஒரு சின்னப் பெட்டி, சென்னைக்கு வடக்கே கடலோர ஏவுதளத்திலிருந்து ராக்கெட்டில் ஏறி மேலே போக இருந்தது. அது போவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வரவேண்டும். சிங்கப்பூரிலிருந்து நான் சென்னைக்குப் போனது இதற்காக மட்டும்தான். கையில் நாலு நாள் லீவு. நான் பஸ் டெப்போவில் நேர அட்டவணை போடுகிறவன். ஒரு பஸ் மூன்று நிமிஷம் பிந்தினால் ஏன் பிந்தியது என்று காகிதத்தில் எழுதிக் கொடுக்கவேண்டிய வேலை. அப்படிப்பட்ட இடத்தில் ஐந்தாவது நாள் லீவு கேட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் என்ன உயரமோ அவ்வளவுதான். மேலே போனதும் அதற்குள் ஒரு நைலான் நூல் சூடாகி அறுந்துவிட வேண்டும். அறுந்தால் மடக்கி வைத்த ஆன்டெனா விரியும். விரிந்தால்தான் அது பூமியோடு பேசும். அறாவிட்டால் இரண்டு வருஷ உழைப்பும் வானத்தில் ஊமையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நூலுக்கு முடிச்சுப் போட்டது என் மகள்.

அவள் வர முடியாது. சிக்னல் வருகிறதா என்று அவர்கள் எல்லோரும் சிங்கப்பூரிலேயே கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். “வீடியோல நாங்க பாத்துக்குவோம்பா. ஆனா நம்ம ஆளு ஒருத்தர் நேர்ல நின்னு பாக்கணும். ஊருக்குப் போறவங்கள பஸ் ஸ்டாண்டுல நின்னு அனுப்பி வைப்போம்ல, அந்த மாதிரி,” என்றாள். பெண் பிள்ளை ஒன்று கேட்டால் மறுக்கிற வழக்கம் எனக்கில்லை. கிளம்பிவிட்டேன்.

முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஆவடி பக்கம் வெள்ளானூரில் என் அக்கா மல்லிகா வீடு. விமான நிலையத்தில் டாக்ஸி ஏறியவன் பூந்தமல்லியைத் தாண்டுவதற்குள் ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிட்டேன். எழுந்தபோதும், தூங்கும்முன் பார்த்த அதே மெட்ரோத் தூணுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம். மெட்ரோ வேலைக்காகச் சாலையைப் பாதியாக அடைத்திருந்தார்கள். மீதிப் பாதியில் லாரி, பஸ், ஆட்டோ, ஒரு மாடு.

“இன்னா விசயமா வந்துகினு கீறீங்க சார்?” என்று டிரைவர் கேட்டார். சொன்னேன்.

“ராக்கெட்டா? எங்க ஊட்டு மாடிலேர்ந்தே தெரியும் சார். சூப்பரா கீதுன்னு எல்லாரும் சொல்றாங்க.”

“நீங்க பார்த்ததில்லையா?”

“எங்க சார். அது போற நேரத்துல நான் இங்க தானே நின்னுகினு கீறேன்.”

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா சங்கரா மீன் குழம்பைச் சுடவைத்து, அது ஆறி, மறுபடி சுடவைத்திருந்தாள். நான் சாப்பிட உட்கார்ந்ததும் பெட்டியைப் பற்றித்தான் கேட்டாள். எவ்வளவு பெரிசு, உள்ளே என்ன இருக்கும், எடுத்துக்கொண்டு போகிறபோது ஆடாதா. “அந்த முடிச்ச அந்தப் புள்ள கையாலயே போட்டுச்சா?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

அக்கா வீட்டுக்காரர் சேகர் அத்தானுக்குப் பெட்டியில் அக்கறையில்லை. அவருக்கு வானிலைதான் எல்லாம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர், இப்போது வாட்ஸப்பில் மழைக்கென்று ஒரு குழு நடத்துகிறார். சென்னையில் இது ஒரு தனி ஜாதி. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் ரேடார் படம் பார்க்கிறார்கள். வங்கக் கடலில் எங்கோ நாலு மேகம் கூடினால் இங்கே போனுக்குப் போன் தகவல் பறக்கிறது. பச்சை என்றால் தூறல், மஞ்சள் என்றால் மழை, சிவப்பு என்றால் கொட்டு. அத்தான் கைவிரலால் படத்தைப் பெரிதாக்கி, “இத்த பாரு மச்சான், நம்ம ஏரியாவுக்கு மேல கோலம் போட்டுகினு வர்து,” என்று காட்டுவார். எனக்குப் புரியாவிட்டாலும் தலையாட்டி வைத்தேன். வந்த இடத்தில் பகைத்துக்கொள்ளலாமா.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மேல் ராக்கெட் கிளம்ப வேண்டும். ஒன்பதரைக்கே மொட்டைமாடியில் நின்றேன். வானம் துடைத்து வைத்த தட்டு போல இருந்தது. அக்கா இட்லியும் வடகறியும் மாடிக்கே கொண்டுவந்துவிட்டாள். சிங்கப்பூரில் எத்தனை கடையில் தேடினாலும் இந்த வடகறி கிடைக்காது. சுற்றிலும் எல்லா மாடிகளிலும் ஆட்கள். பக்கத்து அடுக்குமாடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற திருநெல்வேலிக்காரர் ஒருவர், மூன்று கால் ஸ்டாண்டில் கேமராவை வைத்து, ராக்கெட் கிளம்புகிற வடகிழக்கே, செங்குன்றம் பக்கம் திருப்பியிருந்தார். போனில் நேரடி ஒளிபரப்பு. எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது.

எட்டு நிமிஷம் இருக்கும்போது எண்ணிக்கையை நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு வந்தது. வானிலை சரியில்லையாம். புதன்கிழமை காலை அதே நேரத்துக்கு ஒத்திவைப்பு.

நான் வானத்தைப் பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. “என்ன அத்தான் வானிலை? ஒரு இலை அசையல,” என்றேன்.

“கீழ இல்ல மச்சான், மேல. பன்னெண்டு கிலோமீட்டருக்கு மேல காத்து பிச்சிகினு போவுது. அதுல ராக்கெட் போனா ஒடிச்சிப் போட்டுரும்.” இதைச் சொல்லும்போது அவருக்கு ஏதோ பரிசு விழுந்த சந்தோஷம். எனக்கோ கண்ணுக்குத் தெரியாத காற்றுக்காக ஒரு நாள் போச்சு. புதன்கிழமை சாயங்காலம் எனக்கு விமானம்.

“இதுக்குப் போயி லீவு போட்டேனே, என்னத்தச் சொல்லுதது,” என்று திருநெல்வேலிக்காரர் ஸ்டாண்டை மடக்கினார். அவருக்காவது மானேஜர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், மறுபடி லீவு கேட்கலாம்.

செவ்வாய்க்கிழமை சும்மா இருக்க முடியவில்லை. பவித்ராவுக்கு இரண்டு சுடிதார் துணி எடுக்கலாம் என்று ஆவடிக்கு பஸ் ஏறினேன். அதுவரை வெறும் மூட்டமாக இருந்த வானம், நான் ஏறி உட்கார்ந்ததும் கொட்டத் தொடங்கியது. பாதி தூரம் போனதும் கண்டக்டர் எழுந்து, “தண்ணி நிக்குது, பஸ் ஆவடி போவாது, எல்லாம் எறங்கிக்க,” என்றார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு இறங்கினார்கள். நான் மட்டும், “அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?” என்று கேட்டேன். கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வர்ற நேரத்துக்கு வரும் சார்.” அட்டவணை போட்டே வயிறு வளர்க்கிற எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

முழங்கால் தண்ணீரில் நடந்து ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை, இரண்டு பிளேட் சாப்பிட்டேன். அத்தானுக்குப் போன் போட்டு, “நாளைக்கு ராக்கெட் போகுமா?” என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா அதைக் கேட்டுவிட்டு, “மழைக் கணக்கு சொல்றவர்கிட்டயா பேசறீங்க? நாளைக்கு ஸ்கூல் லீவு உடுவாங்களான்னு கேளுங்களேன்,” என்றார். கடையில் இருந்த பாதிப் பேருக்கு அந்தக் கேள்விதான். என் ராக்கெட்டைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை. துணியும் எடுக்கவில்லை, ஈரமாகத் திரும்பி வந்தேன்.

வீட்டில் அக்கா இரண்டு நாள் துணியை ஹாலுக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டிருந்தாள். ஈர வேட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பவித்ராவிடம் பேசினேன். “முடிச்சு இறுக்கமாப் போட்டுட்டேனோன்னு பயமா இருக்குப்பா. கண்ண மூடினா அந்த நூல்தான் வருது,” என்றாள். நான் நல்லபடியாக ஆகும் என்று சொன்னேன். வேறென்ன சொல்வது. நூலைப் பற்றி எனக்கு என்ன தெரியும், நான் பார்க்கப் போகிறவன்தானே. அதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை. விடிந்தபோது வெள்ளானூரில் மழை. ஆனால் ராக்கெட் உறுதி என்று சொல்லிவிட்டார்கள். மேல்காற்று அடங்கிவிட்டதாம், மழையெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லையாம். வெயிலடித்தால் போகாது, மழை பெய்தால் போகும். என்ன நியாயமோ.

“மழைக்குள்ள இருந்து என்னத்த அத்தான் பார்க்கிறது?” என்றேன்.

அத்தான் ரேடார் படத்தை நீட்டினார். வெள்ளானூர், ஆவடி எல்லாம் பச்சையும் மஞ்சளுமாக இருந்தன. அவர் விரல் தெற்கே போனது. “மாங்காடு பாரு. ஒண்ணுமே இல்ல. சுத்தமா கீது. நம்ம தோஸ்து பெருமாள் ஃபிளாட்டு அஞ்சு மாடி. அங்க போயிட்டா ராஜா மாதிரி பாக்கலாம். உனக்கும் ஏர்போர்ட்டு கிட்ட. பொட்டிய எடு மச்சான்.”

படத்தை நானும் பார்த்தேன். மாங்காட்டுக்கு மேல் ஒரு புள்ளிகூட இல்லை. நம்பினேன்.

அக்கா வாசலில் நின்றாள். “இங்கயே இருந்து பாரேன்டா. மழை விடாமயா போயிடும்?” என்றாள்.

“ஒனக்கு இன்னா தெரியும், நீ சும்மா கெட,” என்றார் அத்தான். நான் அக்கா பக்கம் பேசவில்லை. போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு எட்டு மணிக்கெல்லாம் அவருடைய பழைய காரில் ஏறிவிட்டேன்.

கொஞ்ச தூரத்திலேயே வைப்பர் நின்றுவிட்டது. அத்தான் கண்ணாடியை இறக்கி, ஓட்டிக்கொண்டே கையால் துடைத்தார். பூந்தமல்லியில் மறுபடி அதே அடைப்பு. அதே தூண் என்றுகூடச் சொல்வேன். மழை அங்கே இல்லை, உண்மைதான். ஆனால் வெளிச்சமும் இல்லை. நான் அண்ணாந்து பார்த்து, “மூடிக்கிட்டு இருக்கே அத்தான்,” என்றேன்.

“தொறந்துரும். ரேடார்ல ஒண்ணும் இல்ல.”

மாங்காட்டில் நுழைந்ததும், அம்மன் கோயிலைத் தாண்டிப் போகும்போது இறங்காமல் போகக்கூடாது என்று வண்டியை நிறுத்தினார். எலுமிச்சம்பழம் வாங்கினார். “நூல் அறுவணும்னு வேண்டிக்க,” என்றார். அதற்கு மேல் எப்படிக் கோபப்படுவது. வாசலிலிருந்தே கும்பிட்டோம். மணி ஒன்பதே முக்கால்.

பெருமாள் அத்தானோடு எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். வாசலிலேயே காத்திருந்தார், ஆனால் மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவி அசோசியேஷன் செகரட்டரியிடம். செகரட்டரி வாக்கிங் போயிருக்கிறார். அவர் சொல்லாமல் உபரிச் சாவியைத் தரமாட்டேன் என்று வாட்ச்மேன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளியாட்களை மாடிக்கு விடுவதாக இருந்தால் முதல் நாளே எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

“ராக்கெட்டு முந்தின நாள் எழுதிக் குடுத்துட்டா போவுது?” என்று அத்தான் கத்தினார்.

செகரட்டரி போனை எடுத்து, யார், எவர், எத்தனை பேர், செருப்போடா, செருப்பில்லாமலா என்று விசாரித்து முடித்தபோது ஆறு நிமிஷம் பாக்கி. லிஃப்ட் மாடி வரை போகாது. கடைசிப் படிகளை மூச்சிரைக்க ஏறிக் கதவைத் தள்ளினோம்.

வானம் முழுக்க ஒரே சாம்பல். ஒரு ஓட்டை, ஒரு கீறல் கிடையாது. மழை மட்டும் இல்லை.

போனில் ஒளிபரப்பு ஓடியது. ஐந்து, நாலு, மூன்று. நெருப்பைக் கக்கிக்கொண்டு ராக்கெட் எழும்பியது. நான் போனை அத்தான் கையில் திணித்துவிட்டு வடகிழக்கே பார்த்தேன். கண்ணிமைக்காமல் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். பெருமாள், “ஒண்ணும் தெர்ல சார்,” என்று தயங்கிச் சொன்னார்.

“ரேடார்ல சுத்தமா இருந்துச்சே,” என்றார் அத்தான். குழுவில் அவர் அந்தப் படத்தைப் போட்டுக் கேட்டதும், யாரோ உடனே பதில் எழுதினார்கள். ரேடார் மழைத் துளியைத்தான் காட்டும் அண்ணா, மழை இல்லாத மேகம் அதில் தெரியாது என்று.

இத்தனை வருஷம் ரேடார் பார்த்த மனிதருக்கு இது தெரியாமல் போனது எப்படி என்று கேட்கலாம். இந்த ஊர்க்காரர்களுக்கு மழை வருமா வராதா என்பது ஒன்றுதான் கேள்வி. பெய்யாத மேகத்தை அத்தான் ஒரு நாளும் மேகமாக மதித்ததில்லை. அது பின்னால் யோசித்தபோது புரிந்தது. அப்போது எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “உங்க ரேடாரைத் தூக்கிக் குப்பையில போடுங்க அத்தான். என் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்றேன். அவரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் என் போனை என்னிடம் நீட்டினார்.

அந்த நேரத்தில் அக்காவிடமிருந்து போன்.

“பாத்தியாடா தம்பி? என்னா அழகு, என்னா வேகம்.”

அத்தான் போனைப் பிடுங்கி, “நம்ம ஊட்டாண்ட மழ பெஞ்சிகினு இருந்துச்சே?” என்றார்.

“நீங்க போன கொஞ்ச நேரத்துல விட்ருச்சு. பின்னாடியே பளிச்சுனு வெளுத்துருச்சு. துணி காயப்போட மாடிக்குப் போனேன். அப்படியே எதுக்க எந்திரிச்சிப் போவுது.”

“வீடியோ எடுத்தியா?” என்றேன்.

“போன் கீழ கெடந்துச்சுடா. ரெண்டு கையிலயும் ஈரத் துணி.”

போனை வைத்துக் கால் மணி நேரத்தில் பவித்ரா கூப்பிட்டாள். பெட்டி ராக்கெட்டிலிருந்து ஒழுங்காகப் பிரிந்துவிட்டதாம். ஒரு சுற்றுச் சுற்றிச் சிங்கப்பூருக்கு மேல் வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அப்போதுதான் நூல் அறுந்ததா என்று தெரியும் என்றாள். பிறகு, “பாத்தீங்களாப்பா?” என்றாள்.

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. “இல்லம்மா. மேகம் மறைச்சிருச்சு. அத்தைதான் பார்த்தாங்க,” என்றேன். அவள் மனம் உடைந்துவிடுமோ என்று பயந்து அக்காவையும் அதே அழைப்பில் சேர்த்துவிட்டேன்.

அக்கா சொன்னாள். செங்குன்றம் பக்கம் மரத்துக்கு மேலே ஒரு தீப்பொறி கிளம்பியதை, அது வெள்ளையாகக் கோடு போட்டுக்கொண்டு ஏறியதை, கடல் பக்கம் சாய்ந்து சாய்ந்து கடைசியில் கடுகு போல ஆகி மறைந்ததை, அது மறைந்த பிறகும் தான் கீழே இறங்காமல் நின்றதை எல்லாம் சொன்னாள். “கும்பிடக்கூடக் கை ஒழியல. போயிட்டு வா சாமின்னு மட்டும் சொன்னேன்.”

பவித்ரா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத குரலில், “அது திரும்பி வராது அத்தை,” என்றாள்.

அக்கா விடவில்லை. “வராட்டிப் போகட்டும். போயிச் சேந்ததும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு.”

பெருமாள் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். கத்தரிக்காய்க் காரக்குழம்பு. என்ன ருசி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “தப்பு என்னுது தான் மச்சான். உன்ன இஸ்துகினு வந்திருக்கக் கூடாது,” என்றார். விடுங்க அத்தான் என்றேன். மனதார விடவில்லை.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. பவித்ராவுக்குப் போன் போட்டால் வேறு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. மறுபடி போட்டேன், அதே பதில். நூல் அறவில்லை, பிள்ளை யாரிடமோ சொல்லி அழுதுகொண்டிருக்கிறது என்றே முடிவு கட்டிவிட்டேன். கை கழுவாமல் எழுந்து பால்கனிக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டேன்.

“சொல்லிருச்சுடா,” என்றாள் எடுத்த எடுப்பில்.

“எது? என்ன சொல்லுச்சு?”

“அதான், பொட்டி. நூல் அறுந்து, அது என்னமோ விரிஞ்சு, பேசிருச்சாம். கீகீன்னு சத்தம் கேக்குது, எனக்கும் போட்டுக் காமிச்சுது. இப்பத்தான் வெச்சா புள்ள.”

காய்ந்த கையோடு அப்படியே நின்றேன். சந்தோஷமாக இருந்தது, அது உண்மை. கூடவே பொறாமையும் வந்தது, அதுவும் உண்மை. கடல் தாண்டி வந்தவன் நான், பஸ்ஸில் நனைந்தவன் நான், தூணுக்குப் பக்கத்தில் நின்று நின்று சலித்தவன் நான்.

பவித்ரா கூப்பிட்டாள். “அப்பா, பேசிருச்சுப்பா.” பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம். நான் எல்லாம் கேட்டேன், வாழ்த்தினேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கடைசியில் அடக்க முடியாமல், “எனக்கு முன்னாடி அத்தைக்கா சொன்னே?” என்றேன்.

“அவங்கதானப்பா அனுப்பி வச்சாங்க,” என்றாள்.